எஞ்சினுக்குள் கறிவேப்பிலை

நின்றுபோன வண்டியை எந்த மெக்கானிக்கிடம் கொண்டுபோனாலும் முதலில் கேட்பது "என்ன ஆச்சு?" என்றுதான். திருச்சி பாலக்கரையில் டீசல் எஞ்சின் பார்த்துக்கொண்டிருந்த அந்த அக்கா மட்டும் அப்படிக் கேட்கமாட்டார். பானட்டில் உள்ளங்கையை வைத்தபடி நம் முகத்தைப் பார்ப்பார். பிறகு, "என்ன பண்ணீங்க?" என்பார்.

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத் தெரியாமல் திருச்சி மாவட்டத்தில் பெரிய பெரிய ஆளெல்லாம் முழித்திருக்கிறார்கள். நான் சின்ன ஆள். நான் முழித்ததில் ஆச்சரியம் ஒன்றுமில்லை.

அக்காவின் பேரைச் சொல்லமாட்டேன். சொன்னால், "என்னைக் கேட்டா எழுதுன?" என்று ஒரு கேள்வி வரும். அவர் கேள்விக்குப் பதில் சொன்ன அனுபவம் ஒரு ஆயுசுக்குப் போதும். அப்போது அவருக்கு வயது நாற்பத்தைந்து இருக்கலாம். ஐ.டி.ஐ.யில் டீசல் மெக்கானிக் படித்தபோது வகுப்பிலேயே ஒரே பொம்பளைப் பிள்ளையாம். கழுத்தில் ஒரு சின்னச் சிலுவை. புடவைக்கு மேல் முழுக்கைச் சட்டை. மூக்குக் கண்ணாடி தொலைந்துபோகாமல் இருக்க அதைப் பழைய ஆக்ஸிலேட்டர் கேபிளில் கட்டித் தொங்கவிட்டிருப்பார். தலையில் எப்போதும் மல்லிகைப்பூ. எஞ்சினுக்கு அடியில் படுத்து எழுந்தால் அந்தப் பூவில் டீசல் வாசனை வரும். "பூவுக்கு எவ்வளவு மைலேஜ்க்கா?" என்று நான் ஒருமுறை கேட்டேன். "உன் வாயை விடக் கம்மிதான். அது எதுவும் போடாமலே ஓடுதே" என்றார்.

பிழைப்பு நடத்துகிற எந்த ஷெட்டிலும் சுவரில் சாமி படம் இருக்கும், டயர் கம்பெனி காலண்டர் இருக்கும். அவர் ஷெட்டில் இவற்றோடு ஒரு பலகையும் இருந்தது. ஆள் உயர மரப்பலகை, நிறைய ஆணிகள். எஞ்சினைப் பிரிக்கும்போது உள்ளே கிடைத்த கண்றாவிகளையெல்லாம் அதில் மாட்டி வைத்திருப்பார். ஒரு எலிக்கூடு, ஒரு கால் மெட்டி, டேங்க் ஓட்டையை அடைத்திருந்த பாதி தேய்ந்த சோப்பு, ஒரு பிளாஸ்டிக் பொம்மையின் கை. ஒவ்வொன்றுக்கும் கீழே ஒரு காகிதத் துண்டு. வண்டிக்காரரின் பேர் அதில் இருக்காது. அவர் சொன்ன வார்த்தை மட்டும் இருக்கும். எலிக்கூட்டுக்குக் கீழே, "தினமும் ஓட்டுறேன்." சோப்புக்குக் கீழே, "டேங்க்ல ஓட்டையே இல்ல." பொம்மைக் கைக்குக் கீழே, "எங்க வீட்டுல குழந்தையே கிடையாது."

பலகையின் அடியில், மற்றவற்றோடு சேராமல், தனியாக ஒரு ஆணி. அதில் ஒரு கந்தல் துணி. அதன் கீழே, "நான்தான்."

அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். முதலில் ஸ்ரீரங்கத்துப் பெரியவரைச் சொல்லிவிடுகிறேன். ஒரு பம்ப்செட் எஞ்சினைக் கொடுக்கப் போயிருந்தபோது அதை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன்.

அவரிடம் பரம்பரையாக ஒரு பழைய ஜீப் இருந்தது. பன்னிரண்டு திருமண்ணும் பஞ்சகச்சமுமாக அவர் அதில் ஏறி உட்கார்ந்தால் தேர் அசைந்து வருவதுபோல இருக்கும். அன்று தேரைக் கயிறு கட்டி இழுத்துவந்திருந்தார்கள்.

"என்ன பண்ணீங்க சாமி?"

"அடியேன் ஒண்ணுமே பண்ணலேம்மா. உத்தர வீதி திரும்பறச்சே ரெண்டு தரம் இருமித்து, நின்னுடுத்து. எல்லாம் பெருமாள் சங்கல்பம்."

அக்கா டேங்க் மூடியைத் திறந்து மோந்து பார்த்தார். மூடினார்.

"பெருமாள் பங்க்ல வந்து நின்னு, 'டீசல் வண்டிக்குப் பெட்ரோல் போடுங்கோ'ன்னு சொன்னாரா சாமி?"

பெரியவர் மேல்துண்டைச் சரிசெய்தார். "பங்க்ல இருக்கறவா தப்பாப் போட்டிருப்பா" என்றார். அக்கா டேங்க்கை வடித்து, லைனைக் கழுவி வண்டியை ஓடவிட்டார். சீட்டுக்கு அடியில் கிடந்த பங்க் ரசீதை எடுத்து மேல் வரிசை ஆணியில் குத்தினார். கீழே, "பெருமாள் சங்கல்பம்." நான் சிரித்தேன். "சிரிக்காத. உனக்கும் ஆணி காலியாத்தான் இருக்கு" என்றார். அப்போதைக்கு அது எனக்கு வெறும் கிண்டலாகத்தான் தெரிந்தது.

நான் தொட்டியத்துக்காரன். பத்தாம் வகுப்பை இரண்டு முறை எழுதி, அதற்கு மேல் அதைத் தொந்தரவு செய்ய வேண்டாம் என்று விட்டுவிட்டவன். அப்பாவின் தம்பிக்கு, அதாவது என் சித்தப்பாவுக்கு, காவிரிப் படுகையில் வாழைத்தோட்டம். சேறானாலும் மணலானாலும் வாழைத்தார் ஏற்றிக்கொண்டு வர அவரிடம் ஒரு பழைய டீசல் ஜீப் இருந்தது. அதற்கு நான் டிரைவர். சித்தப்பாவுக்குத் தொட்டியம் பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் ஒரு இடமும் உண்டு. அதில் கொட்டகை போட்டு பாஸ்கர் என்று ஒரு மெக்கானிக் இருந்தான். என்னோடு படித்தவன். பத்தாம் வகுப்பை ஒரே தடவையில் முடித்த துரோகி. எங்கள் ஜீப்புக்குப் புதுத் தண்ணீர் பம்ப் மாட்டியது அவன்தான். மாட்டி இரண்டு வாரம் ஆகியிருந்தது.

மாசிக் கடைசியில் சமயபுரம் மாரியம்மனுக்குப் பூச்சொரிதல். எங்கள் தெருப் பெண்கள் பூக்கூடைகளோடு ஜீப்பில் ஏறிவிட்டார்கள். சித்தப்பா வழக்கம்போல வாசலில் நின்று கேட்டார்: "ரேடியேட்டர்ல தண்ணி பாத்தியாடா?"

"பாத்துட்டேன் சித்தப்பா."

பார்க்கவில்லை. ரேடியேட்டர் கொஞ்சம் கொஞ்சமாக ஒழுகுவதும் எனக்குத் தெரியும். ஆனால் பூக்கூடைகளோடு பெண்கள் உட்கார்ந்திருக்கும்போது மூடியைத் திறந்து குனிந்து பார்க்க எந்த டிரைவருக்கு மனசு வரும்?

டோல்கேட் தாண்டியதிலிருந்து முதல் கியர்தான். பாதயாத்திரைக் கூட்டம், தட்டுவண்டி, பூப்பல்லக்கு. பெண்களைக் கோயில் தெரு முனையில் இறக்கிவிட்டு, "நாங்க பஸ்ல வந்துருவோம்ப்பா" என்று அவர்கள் சொன்ன பிறகு வண்டியை ஓரங்கட்டப் போனேன். அப்போதுதான் பானட்டிலிருந்து ஆவி கிளம்பியது. வெப்பம் காட்டும் முள் சிவப்பையும் தாண்டிப் போய்ப் படுத்துவிட்டது. பக்கத்திலேயே நீர்மோர்ப் பந்தல். தூக்குவாளியை எடுத்துக்கொண்டு ஓடினேன்.

"ஒரு தூக்கு தண்ணி குடுங்கம்மா."

"தண்ணி தீந்துபோச்சு தம்பி. மோர்தான் இருக்கு."

நான் யோசித்தேன். மோரில் முக்கால்வாசி தண்ணீர்தானே? அதுவும் பந்தல் மோரில்?

"அதையே ஊத்துங்க."

ஐஸ்கட்டி மிதந்த மோரை ரேடியேட்டரில் ஊற்றுவதைப் பார்த்து, பந்தலில் நின்ற பெரியவர் ஒருவர் பதறிவிட்டார். "தம்பி, அதுல உப்பு போட்டிருக்கு!"

"வண்டிக்கும் வேர்க்குதுல்லங்க" என்றேன். பந்தலே சிரித்தது. கைதட்டல் வாங்கியவனாக இரண்டாவது தூக்கையும் ஊற்றினேன். எஞ்சினுக்குள் 'டிங்' என்று ஒரு சத்தம் கேட்டது. கோயில் மணி என்று நினைத்துக்கொண்டேன்.

ஊர் திரும்பும் வழியில் நொச்சியம் வரை வண்டி வந்தது. அங்கே ஒரு முனகல், ஒரு குலுக்கல், அவ்வளவுதான். சாவியைத் திருப்பினால் எஞ்சின் அசையவே இல்லை. சித்தப்பாவுக்குப் போன் போட்டேன்.

"தண்ணி பாத்தேன்னியேடா?"

"பாத்தேன் சித்தப்பா. பம்ப்புதான் வேலை செய்யல. பாஸ்கர் சரியா மாட்டல போல."

வாயில் முதலில் வந்தது அதுதான். சொல்லும்போது அது ஒரு ஆளின் கழுத்தைப் பிடிக்கும் என்று தோன்றவில்லை. சித்தப்பாவோ அன்று சாயங்காலமே பஸ் ஸ்டாண்ட் டீக்கடையில் நின்று, "அவன் கை பட்ட வண்டி ஒண்ணும் உருப்படாது" என்று சொல்லிவிட்டார். தார் வெட்டுகிற நேரம். டிராக்டர்காரர்கள் ஒவ்வொருவராகப் பாஸ்கரிடம் கொடுத்திருந்த வண்டியைத் திரும்பக் கேட்க ஆரம்பித்தார்கள். மறுநாள் சித்தப்பா கொட்டகையைக் காலி பண்ணச் சொல்லிவிட்டார்.

அதே மறுநாள் ஒரு டிராக்டர் எங்கள் ஜீப்பைக் கட்டி இழுத்துக்கொண்டு கொள்ளிடம், காவிரி என்று இரண்டு ஆற்றையும் தாண்டி அக்காவின் ஷெட்டில் கொண்டுவந்து விட்டது. முன்பு சித்தப்பாவின் பம்ப்செட் எஞ்சினைப் பார்த்தவர் என்பதால் அவர் மேல் சித்தப்பாவுக்கு நம்பிக்கை.

அக்கா பானட்டில் கையை வைத்தார். என் முகத்தைப் பார்த்தார்.

"என்ன பண்ண?"

"ஒண்ணும் பண்ணலக்கா. தானா நின்னுச்சு."

"என்ன பண்ண?"

"பம்ப்பு சரியில்லக்கா. மாட்டுனவன் சரியா மாட்டல."

"என்ன பண்ண?"

"ஆயில்ல ஏதோ கலப்படம்னு நெனைக்கிறேன்."

"மூணு சொல்லிட்ட. எதை வெச்சுக்கறது, எதை விடறதுன்னு முடிவு பண்ணிட்டு வா. நான் டீ குடிச்சுட்டு வரேன்."

நான் அதற்குள் வேறு திட்டம் போட்டிருந்தேன். சித்தப்பாவிடம் போனிலேயே சொன்னேன்: "செத்துப்போன எஞ்சினைப் பிரிச்சு என்ன பண்றது, போஸ்ட்மார்ட்டமா? பழைய எஞ்சின் ஒண்ணு இருக்கிற இடம் எனக்குத் தெரியும். அப்படியே தூக்கி மாத்திரலாம்." செத்த எஞ்சின் இரும்புக்கடைக்குப் போய்விட்டால் மோரும் கூடவே போய்விடும். சித்தப்பாவும் சரி என்றுவிட்டார்.

டீ குடித்துவிட்டு வந்த அக்கா போனை என்னிடமிருந்து வாங்கினார். "மாத்தலாங்க. மாத்துனா எஞ்சின் நம்பரை ஆர்.சி. புக்ல ஏத்தணும், ஆர்.டி.ஓ. ஆபீசுக்கு நடக்கணும். அதுக்கு முன்னாடி ஒரு தரம் திறந்து பாத்துர்றேன். செத்துச்சா, மயக்கமான்னு தெரியாம எரிக்கக் கூடாதுல்ல?"

ஓட்டியவர் பக்கத்தில் நிற்காமல் எஞ்சினைத் திறப்பதில்லை என்பது அவர் வைத்திருந்த சட்டம். தப்பிக்க வழியில்லை. செயின் பிளாக்கில் மாட்டி, எஞ்சினின் மேல்மூடியான ஹெட்டைத் தூக்கினார். குறுக்கே மயிரிழைபோல ஒரு விரிசல். இரண்டு பிஸ்டன்கள் ஏறியிறங்கும் லைனர் குழாயோடு ஒட்டிப்போயிருந்தன. தண்ணீர் ஓடுகிற வழியெல்லாம் வெள்ளை வெள்ளையாகக் கட்டி. அக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். ஸ்குரூ டிரைவரால் ஒரு கட்டியை நெம்பி எடுத்துப் பார்த்தார். மோந்தார்.

"பனீர்" என்றார். இன்னொரு ஓட்டைக்குள் இடுக்கியை விட்டு இழுத்தார். பழுப்பாக வெந்துபோன ஒரு கறிவேப்பிலை, ஈர்க்கோடு. அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார்.

"கடுகு தாளிச்சதா, தாளிக்காததா?"

யாரும் சொல்லாமலே கீழே கிடந்த போல்ட்டுகளைப் பொறுக்க ஆரம்பித்தேன். வாழ்க்கையில் முதல்முறை.

"எஞ்சினுக்கு ஹெட்டு போச்சு. அது கடையில கெடைக்கும், மாத்திரலாம். உனக்குத்தான் ஸ்டாக் இல்ல" என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்த்தார். எஞ்சினின் அடிப்பாகமான பிளாக் நன்றாகத்தான் இருக்கிறதாம். புது ஹெட், புது லைனர், பிஸ்டன் போட்டால் போதும், எஞ்சினை மாற்ற வேண்டியதில்லை. சித்தப்பாவுக்குப் போன் செய்து அதை மட்டும் சொன்னார். மோரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

சாமான் வாங்க, துடைக்க, பிடிக்க என்று இரண்டு நாள் ஷெட்டிலேயே கிடந்தேன். இலை ஒரு தீப்பெட்டிக்குள் மேசைமேல் இருந்தது. பேச்சை மாற்றலாம் என்று, "அந்தக் கந்தல் துணி யாரோடதுக்கா?" என்று கேட்டேன்.

"அதான் எழுதியிருக்கே. என்னோடது."

ஒரு ஃபாதரின் ஜீப்புக்கு எஞ்சின் வேலை பார்த்திருக்கிறார். வண்டி போய் ஒரு வாரம் ஆன பிறகு, துடைத்த துணிகளை எண்ணியபோது ஒன்று குறைந்திருக்கிறது. ஆயில் தொட்டிக்குள் விட்டு மூடியிருக்கிறார். வண்டி நன்றாக ஓடிக்கொண்டிருந்தது, யாருக்கும் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கோயில் வாசலில் ஊரே நிற்கும்போது போய், "ஃபாதர், என் துணி உங்க எஞ்சினுக்குள்ள கெடக்கு. வண்டியை எடுக்காதீங்க" என்று சொல்லியிருக்கிறார்.

"தனியா கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாமேக்கா?"

"வேலை நல்லாருக்குன்னு அவர் என்னைப் பாராட்டுனது ஊர் நடுவுல. பாராட்டை மட்டும் மைக்ல வாங்கிக்கிட்டு, தப்பை மட்டும் காதுல சொல்லுவாங்களா?"

மூன்றாம் நாள் காலை சித்தப்பா பஸ் ஏறிவிட்டதாகப் போன் செய்தார். அக்கா ஹெட், பைப், பம்ப் எல்லாவற்றையும் கழுவி மேசையில் பரப்பினார். ஒரு பொட்டு வெள்ளை இல்லை. பிறகு தீப்பெட்டியை எடுத்து என் கையில் வைத்தார்.

"கழுவிட்டேன். இனி மோருக்கு என்கிட்ட சாட்சி இல்ல. இது உன்னோடது."

திறந்து பார்த்தேன். உள்ளே அந்த இலை. உண்மையைச் சொல்கிறேன், வாயில் போட்டு மென்றுவிடலாமா என்று யோசித்தேன். தலைமுடிக்கும் நல்லது என்பார்கள்.

சித்தப்பா வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார். "பம்ப்புதானம்மா? அந்தப் பயலை இன்னைக்குள்ள காலி பண்ணச் சொல்லிட்டேன். சாமானை மூட்டை கட்டிட்டு இருக்கான்."

அக்கா கையைத் துடைத்துக்கொண்டார். "எஞ்சினுக்கு என்ன ஆச்சுன்னு கேளுங்க, நான் சொல்றேன். என்ன பண்ணாங்கன்னு ஓட்டுனவர்தான் சொல்லணும்."

பாஸ்கர் மூட்டை கட்டுவது என் கண்ணில் தெரிந்தது. அவன் ஸ்பேனர்களை அளவு வாரியாக அடுக்குகிற ஆள். எட்டு, பத்து, பன்னிரண்டு என்று வரிசையாகச் சாக்கில் போட்டுக்கொண்டிருப்பான். தீப்பெட்டியைத் திறந்து சித்தப்பாவின் முன்னால் வைத்தேன்.

"மோர் ஊத்திட்டேன் சித்தப்பா."

"எதுல?"

"ரேடியேட்டர்ல. தண்ணி பாக்கவே இல்ல. பாத்தேன்னு பொய் சொன்னேன். பாஸ்கர் மேல ஒரு தப்பும் இல்ல."

சித்தப்பா இலையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். 

"எத்தனை டம்ளர்?"

"ரெண்டு தூக்கு."

"உப்பு போட்டதா?"

"ஆமா."

"இஞ்சி?"

"அதுவும் இருந்துச்சு" என்றார் அக்கா. பம்ப்பை எடுத்து சித்தப்பாவின் மடியில் வைத்தார். "பம்ப்பு புதுசாட்டம் இருக்கு. மாட்டுனவர் கை சுத்தமான கை."

சித்தப்பா என்னை அடிக்கவில்லை. பம்ப்பு கையில் இருந்ததால் அடிக்க வசதிப்படவில்லை என்று நினைக்கிறேன். அவர் வெளியே போனதும் அக்காவிடம் கேட்டேன்: "நான் சொல்லாம விட்டிருந்தா?"

"பம்ப்பு நல்லாருக்குன்னு சொல்லியிருப்பேன். அது என் வேலை. மோரைச் சொல்றது உன் வேலை."

அன்று மத்தியானமே சித்தப்பாவும் நானும் தொட்டியம் பஸ் ஸ்டாண்டில் இறங்கினோம். பாஸ்கரின் சாமான் முக்கால்வாசி தட்டுவண்டியில் ஏறியிருந்தது. சித்தப்பா தொண்டையைச் செருமினார். அவர் யாரிடமும் மன்னிப்புக் கேட்டு நான் பார்த்ததில்லை. அன்றும் முழுசாகப் பார்க்கவில்லை.

"சாமானை இறக்குப்பா. தப்பு எங்க வீட்டுப் பயலோடது."

பாஸ்கர் என்னைப் பார்த்தான். "இறக்குறேன். என்னைச் சொன்னது டீக்கடையில. அதனால இவனும் டீக்கடையில வந்து சொல்லட்டும்."

போய்ச் சொன்னேன். "சத்தம் வரல" என்றான். மறுபடி சொன்னேன். "பின்னாடி டிராக்டர்காரருக்குக் கேக்கலையாம்." மூன்றாவது முறை பஸ் ஸ்டாண்ட் முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தினேன்: "ரேடியேட்டர்ல மோர் ஊத்துனது நான்தான்!" நாமக்கல் பஸ் கண்டக்டர் படியில் தொங்கிக்கொண்டே சல்யூட் அடித்தார். தட்டுவண்டியிலிருந்து சாமானை நானே இறக்கினேன். ஸ்பேனர்களை அளவு வாரியாக அடுக்கவும் வைத்தான் கிராதகன்.

அந்த வாரத்திலேயே இரண்டு டிராக்டர்கள் அவனிடம் திரும்பி வந்தன. எனக்கு ஒரு மாதம் ஸ்டியரிங் கிடையாது, தார் தூக்கினேன். மாதம் கழிந்து எஞ்சின் தயாரானபோது அக்கா ஒரு நிபந்தனை போட்டார். புது பிஸ்டன் பழகும் வரை மெதுவாகத்தான் ஓட்ட வேண்டும், அதையும் நானேதான் ஓட்ட வேண்டும். குணசீலம் ரோட்டில் என்னைச் சைக்கிள் முந்தியது, மாட்டுவண்டி முந்தியது. பூக்கூடையோடு நடந்துபோன எங்கள் தெருப் பெண் ஒருத்தி ஜன்னல் பக்கம் குனிந்து, "மோர் வேணுமாண்ணே?" என்று கேட்டுவிட்டு முந்திப்போனாள்.

பழக்கி முடித்து ஆயில் மாற்ற அக்காவிடம் போனேன். தீப்பெட்டியை நீட்டினேன். "நீயே மாட்டு" என்றார். மேல் வரிசையில் காலி ஆணி தேடினேன்.

"கண்ணு தெரியலையா? கீழ."

கந்தல் துணிக்குப் பக்கத்தில் புதிதாக ஒரு ஆணி அடித்திருந்தார். இலையைக் குத்தினேன். கீழே எழுதக் காகிதமும் கொடுத்தார். "நான்தான்" என்று எழுதினேன். பத்தாம் வகுப்பில் இரண்டு முறை எழுதியதைவிட நல்ல கையெழுத்தில் எழுதினேன்.

பிறகு அந்த ஷெட் வேறு ஊருக்குப் போகும் வரை நான் அங்கே போய்வந்துகொண்டிருந்தேன். கடைசியாகப் போனபோது கீழ் வரிசையில் மூன்றாவதாக ஒரு ஆணி இருந்தது. அதில் அந்தப் பழைய பங்க் ரசீது. மேல் வரிசையிலிருந்து இறங்கி வந்திருந்தது. அதன் கீழே முத்து முத்தான எழுத்தில், "அடியேன்தான்."

"யாரும் கேக்கல. அவரே வந்து மாத்தி மாட்டிட்டுப் போனார்" என்றார் அக்கா. கண்ணாடியைக் கழற்றித் தொங்கவிட்டார். என் ஜீப்பைச் சுற்றி ஒரு நடை நடந்துவந்து, பின்பக்க பம்பரில் உள்ளங்கையை வைத்தார். என் முகத்தைப் பார்த்தார்.

"என்ன பண்ண?"

'ஒண்ணும்' என்பது நாக்கு நுனி வரை வந்துவிட்டது. பலகையைப் பார்த்தேன்.

"ரிவர்ஸ் எடுக்கும்போது வாழைமரத்துல இடிச்சுட்டேன்க்கா."

"எத்தனை மரம்?"

"மூணு."

"உக்காரு. டீ சொல்றேன்" என்றார்.